ஐந்து கிளாஸ் கிராஃப்ட் பியர், நான்கில் வெறும் கசப்பு: பிழை என் நாக்கிலா, பியரிலா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

கடந்த சனிக்கிழமை கொழும்பு 7இல் உள்ள ஒரு மதுக்கூடத்தில் நடந்த, சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பியர் ருசி பார்க்கும் மாலைக்கு அலுவலக நண்பர்கள் இருவர் என்னை அழைத்துச் சென்றார்கள். மரப்பலகை ஒன்றில் ஐந்து சிறிய கிளாஸ்கள் வந்தன: ஒரு லாகர், கலங்கலான ஜெர்மன் பாணிக் கோதுமை பியர், பேல் ஏல், அதைவிடக் கசப்பு கூடிய ஐபிஏ, கடைசியாகக் கறுப்பு ஸ்டவுட். பக்கத்தில் இருந்தவர்கள் மாம்பழம், தோடம்பழத் தோல், பைன் மரம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். எனக்கோ கோதுமை பியரில் வாழைப்பழ வாசனை மட்டும் ஐயமின்றித் தெரிந்தது. மற்ற நான்கும் கசப்பின் கூடிய அளவாகவோ குறைந்த அளவாகவோதான் பட்டன. பைன் மரத்தை நுவரெலியா போகும் வழியில் வாகனத்தில் இருந்தபடி பார்த்திருக்கிறேனே தவிர, முகர்ந்து பார்த்ததில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், மறுநாள் ஒரு கடையில் வெளிநாட்டு ஐபிஏ டின் ஒன்றை, விலையைப் பார்க்காமலே, வாங்கி வந்து வீட்டில் திறந்தேன். அது மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியைப் போல் இருந்தது. வீட்டில் ஒழுங்காக ருசி பார்க்க வழி இருந்தால் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அன்று மேசையில் டெவல் போட்ட கணவாயும் மிளகாய்த்தூள் கஜுவும் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயக்கோப்பை எழுதியது:

உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் பாதி விடை இருக்கிறது, தம்பி. மிளகாய் எரிந்துகொண்டிருக்கும் நாக்கில், பியருக்கு வாசனையும் கசப்பும் தரும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் மதுவின் சூடும் இரட்டிப்பாகத் தெரியும். மெல்லிய வாசனைகள் அதற்குள் அமிழ்ந்துவிடும்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அந்த ஏலத்துக்குப் போகும் மாதிரிகளைப் பதினெட்டு வருடங்களாக ருசி பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் அறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் சில மாதங்கள் எல்லாக் கோப்பைகளும் வெறும் தேநீராகவே தெரியும். அவர்களுக்கு நாங்கள் வாசனைகளின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே வகைத் தேயிலையில் இரண்டு கோப்பைகளை அருகருகே வைத்து, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மட்டும் கேட்போம். நீங்களும் ஐந்து வகைகளை ஒரே மாலையில் துரத்தாமல், பேல் ஏலையும் ஐபிஏயையும் மட்டும் இரண்டு கிளாஸ்களில் ஊற்றி மாறி மாறிக் குடித்துப் பாருங்கள். வாசனை பெரும்பாலும் மூக்கின் வேலை என்பதால், வாய் குறுகிய கிளாஸில் பாதிக்குமேல் ஊற்றாமல், ஒரு சுழற்றுச் சுழற்றி முகர்ந்துவிட்டு, ஒரு மிடறு விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். தேநீரை நாங்கள் சத்தத்தோடு உறிஞ்சுவதும் இதற்காகவே. நாங்கள் உமிழ்ந்துவிடுவோம், பியரை விழுங்கித்தான் ஆகவேண்டும், ஏனெனில் ஹொப்ஸின் கசப்பு விழுங்கிய பிறகே முழுதாக விரிகிறது. இடையில் வெறும் பாணும் தண்ணீரும் போதும், கணவாய் பிறகு வரட்டும்.

நுரைமானி எழுதியது:

அந்த டின்னைப் பொறுத்தவரை உங்கள் நாக்கில் குறையில்லை. நனைந்த அட்டை வாசனை பழசாகிப்போன பியரின் அடையாளம். ஒட்சிசன் பட்டுப் பியர் முதுமையடையும்போது தோன்றும் டிரான்ஸ்-2-நொனெனல் என்ற சேர்மத்தையே அதற்குக் காரணமாக நெடுங்காலம் சொல்லி வந்திருக்கிறார்கள். வெப்பம் கூடக்கூட இந்த முதுமை விரைவாகும். ஹொப்ஸ் மிகுந்த ஐபிஏயின் பழ வாசனைதான் முதலில் போகும். கசப்பு மட்டும் எஞ்சி நிற்கும். கப்பலிலும், களஞ்சியத்திலும், கடைத் தட்டிலும் முப்பது பாகை வெப்பத்தில் மாதக்கணக்காக இருந்த டின்னில் மாம்பழத்தைத் தேடுவது வீண். டின்னின் அடியில் திகதி பார்த்து, அடைத்து மூன்று மாதத்துக்கு உட்பட்டதை, குளிரூட்டியில் வைத்து விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

கல்கிசைக் கடற்கரையில் பச்சைப் போத்தல் பியரை வெயிலில் வைத்துக் குடிப்பவர்களுக்கு வேறொரு துன்பம் உண்டு. வெளிச்சம் ஹொப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, கருகிய ரப்பர் போன்ற கந்தக நாற்றத்தைச் சில நிமிடங்களிலேயே உண்டாக்கிவிடும். பழுப்புப் போத்தல் இதைப் பெரிதும் தடுக்கும், டின் முற்றாகத் தடுக்கும்.

வடமராட்சியான் எழுதியது:

அந்தப் பலகையில் புளிப்பு பியர் ஒன்று இல்லாமல் போனது உங்கள் துரதிர்ஷ்டம். பிரசல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று ஒரு வகை காய்ச்சுகிறார்கள். முளைகட்டிய தானியமான மோல்ட்டைக் காய்ச்சிய நீரை ஆழமில்லாத பெரிய தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிட்டு, காற்றில் வரும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களே புளிக்க வைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதை முதன்முதலில் குடித்தபோது மேசையில் இருந்த அனைவரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் பின்னேரக் கள் நினைவுக்கு வந்தது. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பணி, தடவாவிட்டால் கள். அங்கேயும் ஈஸ்ட்டை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. பனையோலைப் பிளாவில் ஊற்றிய பனங்கள்ளில் பச்சை ஓலை வாசனையும், புளிப்பும், அடியில் ஒரு சிறு இனிப்பும் தனித்தனியே தெரியும் அல்லவா? அதைப் பிரித்தறியத் தெரிந்தவனுக்குத் தோடம்பழத் தோல் எம்மாத்திரம். காணாத பைன் மரத்தை விட்டுவிட்டு, உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ளதைக் கொண்டு சொல்லிப் பாருங்கள்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு புதிய திகதியுள்ள பேல் ஏலும் ஐபிஏயும் கிடைக்கவில்லை என்பதால், நம் நாட்டு லயன் ஸ்டவுட்டில் தொடங்கினேன். 8.8 சதவீதம் என்பதால் ஒரு போத்தலை மனைவியும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். ஒரு கிளாஸைக் குளிரூட்டியிலிருந்து எடுத்த உடனேயும், மற்றதை இருபது நிமிடம் மேசையில் வைத்தும் குடித்தோம். குளிர்ந்ததில் கசப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மற்றதில் எனக்குக் கருகிய பாணின் அடிப்பகுதியும் கோப்பியும் தெரிந்தன. மனைவி பனங்கட்டி என்றார், அவர் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. இது உண்மையான ருசியா, சொல் கேட்டு வந்த ருசியா என்பதைச் சாயக்கோப்பை அண்ணாதான் சொல்லவேண்டும்.

சாயக்கோப்பை எழுதியது:

அடுத்த முறை இருவரும் பேசாமல் தாளில் எழுதிவிட்டுப் பிறகு காட்டிக்கொள்ளுங்கள். எங்கள் அறையிலும் அதுவே வழக்கம். வரும் வெள்ளிக்கிழமை போயா என்னும் பௌர்ணமி விடுமுறை, மதுக்கடைகள் பூட்டியிருக்கும். வியாழக்கிழமையே வாங்கிக் குளிரூட்டியில் வைத்துவிடுங்கள், காரின் பின்பெட்டியில் மறந்துவிட வேண்டாம்.