கச்சான் காற்றும் சுவாதி நட்சத்திரமும்: உப்புவெளியில் ஓர் அளவீடு

போன ஆனி மாதம், தென்மேற்குக் காற்றான கச்சான் சுழன்றடித்த நாட்களில், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை வைத்துச் சுவாதியைப் படம்பிடித்தேன். தொலைநோக்கியின் வாயை அட்டையால் மூடி, அதில் இரண்டு வட்டத் துளைகள் வெட்டினேன். ஒரு துளையில் மெல்லிய ஆப்பு வடிவக் கண்ணாடி. திரையில் ஒரே நட்சத்திரம் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். தொலைநோக்கி ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும். இடையில் உள்ள தூரம் மாறினால்தான் அது காற்றின் வேலை. அந்த மாற்றத்திலிருந்து ஃப்ரீட் நீளத்தைக் கணக்கிடலாம். ஒளி அலை குலையாமல் வந்து சேரும் அகலம் என்று அதைச் சொல்லலாம்; அது பெரிதாக இருந்தால் காற்று அமைதி.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது, விண்கலங்கள் லேசர் ஒளியால் தகவல் அனுப்பும் லேசர் தொடர்பால்தான். 2013இல் நாசா நிலவைச் சுற்றிய கலத்திலிருந்து நொடிக்கு 622 மெகாபிட் தகவலைப் பூமிக்கு இறக்கியது. 2023இல் ஒரு சின்னச் செயற்கைக்கோள் நொடிக்கு 200 கிகாபிட்டைத் தொட்டது. தரையில் அந்த ஒளியைக் கண்ணாடி ஒளியிழையின் நடுவே, பத்து மைக்ரான் அளவு மையத்துக்குள் புகுத்த வேண்டும். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிப்பு! காற்று கொஞ்சம் கலங்கினாலும் ஒளி இழையை விட்டு விலகிவிடும். அதனால்தான் அந்த ஒளியை வாங்கும் தரை நிலையம் அமைக்குமுன் அந்த இடத்துக் காற்றை அளக்கிறார்கள்.

முதல் இரவு ஃப்ரீட் நீளம் நாலு சென்டிமீட்டர்கூட வரவில்லை. மேலே அடிக்கும் கச்சான்தான் காரணம் என்று எழுதி வைத்துவிட்டேன். அப்போது மாமா வெறுங்காலோடு மேலே வந்தார். நாற்பது வருடம் கடலில் போனவர்.

“மருமகன், பிளேட் இன்னும் சுடுது. வெயிலுக்க றோட்டில கானல் எழும்பிற மாதிரித்தானே இதுவும்?”

கையை வைத்துப் பார்த்தேன். இரவு எட்டரைக்கும் கொங்கிரீட் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு குமிழ் குமிழாக மேலெழுந்து தொலைநோக்கிக்கு முன்னாலேயே ஒளியைக் கலக்கியிருக்கிறது.

அடுத்த இரவு இருவரும் எல்லாவற்றையும் கடற்கரை மணலுக்குத் தூக்கிப்போனோம். மணல் சீக்கிரம் ஆறிவிடும். அதே நேரம், அதே நட்சத்திரம், ஏழு சென்டிமீட்டர். லேசருக்குப் பயன்படும் 1550 நானோமீட்டர் அலைக்கு இது கிட்டத்தட்ட நாலு மடங்காகும் என்று மாமாவுக்குச் சொன்னேன்.

மாரி முகில் மூடுமுன் இன்னும் இருபது இரவாவது எடுக்க வேண்டும். உவர்மலைப் பக்கம் யாராவது அதே இரவுகளில் அளக்க முடிந்தால் சொல்லுங்கள், அட்டையை நானே வெட்டித் தருகிறேன்.