பீட் போஸல்த்வெயிட்டும் எங்கள் வார்டு பெரியவரும்

2003-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பார்ன்ஸ்லி பக்கம் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். நெஞ்சுநோய் வார்டு. வயசான ஆண்களில் நிறையப் பேர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். அதில் ஒரு பெரியவர் எல்லாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊர் வழக்கம் அது. மகன் தினமும் வருவான், ஃபுட்பால் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவான்.

ஒருநாள் ராத்திரி டியூட்டியில் அவர்தான் சொன்னார்: "பிராஸ்ட் ஆஃப் பார்த்திருக்கியா லவ்? அதுல வர்ற டேனி நாங்கதான்."

1996-ல் வந்த படம். சுரங்கத்தை மூடப்போகிறார்கள், டேனி அங்குள்ள பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். நடித்தவர் பீட் போஸல்த்வெயிட். நுரையீரல் முழுக்கக் கரித்தூள். மூச்சுமுட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறவள், நடிப்பென்றால் சட்டென்று தெரிந்துவிடும். போஸல்த்வெயிட்டிடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே இருட்டில் ஹெல்மெட் விளக்குகளோடு நின்று குழு வாசிக்கிற இடத்தில் அழுதுவிட்டேன். பாட்டே உலகம் என்று இருந்து, கடன் கழுத்தை நெரிக்கிற மகனைக் கவனிக்காமல் விட்ட அப்பா அவர். அதற்கப்புறம்தான் லண்டன் ஆல்பர்ட் ஹால் மேடையில், போட்டியில் ஜெயித்த கோப்பையை வேண்டாம் என்கிறார்.

பிறகு போஸல்த்வெயிட் நடித்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். வாரிங்டன்காரர், வாத்தியாராக வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். 1988-ல் டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ் படத்தில் வீட்டையே நடுங்க வைக்கிற அப்பா. 1993-ல் இன் த நேம் ஆஃப் த ஃபாதரில், செய்யாத குற்றத்துக்கு மகனோடு சிறையில் கிடந்து அங்கேயே சாகிற ஜுசெப்பே கான்லன். அதற்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதே ஒட்டிய கன்னம், அதே துருத்திய எலும்பு. ஒன்றில் பார்த்தால் குலை நடுங்கும், மற்றதில் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஹாலிவுட் படங்களில் வந்த சின்ன வேஷங்கள் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

2008-ல் லிவர்பூல் எவ்ரிமேன் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக வருகிறார் என்று கேள்விப்பட்டு லீவு போட்டுப் போனேன். எழுபதுகளில் ஜூலி வால்டர்ஸ், பில் நையி இவர்களோடு அவர் நடித்து வளர்ந்த அதே அரங்கம். மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் ஆட்கள், நான் மூன்றாவது வரிசை. செத்துப்போன மகளை வைத்துக்கொண்டு, "இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழட்டிவிடுங்கள்" என்று லியர் கேட்கிற இடம் வந்தது. ஆணையிட்டே பழகிய ராஜா. கழட்டியதும் நன்றி சொல்கிறான்.

எனக்கு வார்டுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பெரியவருக்குக் கடைசி ராத்திரி. பைஜாமா சட்டையின் மேல் பட்டன் தொண்டையை அழுத்தியது. நான் கை நீட்டுவதற்குள் அவர் மகனைப் பார்த்தார். அவன் விரல் நடுங்கி, இரண்டு தடவை தவறிக் கழட்டினான். "தேங்க்ஸ், லாட்" என்றார், நன்றிடா பையா என்பதுபோல. அவ்வளவு வருஷத்தில் அவர்களுக்குள் ஃபுட்பாலைத் தாண்டி நான் கேட்ட ஒரே பேச்சு.

நாடகம் முடிந்ததும் போஸல்த்வெயிட்டைப் பார்க்கப் பின்வாசலில் சிலர் நின்றார்கள். எனக்குக் கடைசி ரயில், ஓடினேன். 2011 ஜனவரி 2-ல் புற்றுநோயில் போய்விட்டார், 64 வயசு. அதற்கு முந்தைய வருஷம் வந்த இன்செப்ஷனில் சாகக் கிடக்கிற அப்பா அவர்தான், கட்டில் பக்கத்தில் மகன். அந்தக் காட்சி வந்தால் நான் இன்னும் எழுந்து போய்விடுகிறேன்.