சேமிப்பக டிரைவரில் சாதனத் தேடல்: இணைப்புப் பட்டியலுக்கு மாற்று எது?

கேள்வி:
எங்கள் லினக்ஸ் பிளாக் டிரைவர், சாதனங்களை இணைப்புப் பட்டியலில் வைத்து, மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு எண்வாரியாகத் தேடுகிறது. சாதனங்கள் ஆயிரத்தைத் தாண்டினால் தாமதமாகிறது. எண்ணிலிருந்தே இடத்தைக் கணக்கிட்டுத் தேடும் ஹாஷ் அட்டவணைக்கு மாறலாமா?

மறுமொழி 1:
எண்கள் சுழியத்திலிருந்து நெருக்கமாக அமைந்திருந்தால், ஹாஷ் அட்டவணையைவிட லினக்ஸ் கெர்னலின் 4.20 பதிப்பில் சேர்க்கப்பட்ட எக்ஸ்அரே (XArray; எண்வாரியாகச் சுட்டிகளை வைக்கும் மர அமைப்பு) பொருத்தமானது. வழக்கமான அமைப்பில் ஒரு கணுவுக்கு 64 இடங்கள் என்பதால், 4,096 சாதனங்கள் வரை இரண்டே நிலைகளில் தேடல் முடிந்துவிடும். காலியான எண்ணை ஒதுக்கும் வசதியும் அதிலேயே உண்டு.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆனால், என் பார்வையில், வேகத்தைவிடச் சாதனத்தின் ஆயுட்காலமே சிக்கலான பகுதி. ஆர்சியு (RCU; படிப்பவர்களைப் பூட்டின்றிப் படிக்க விடும் கெர்னல் முறை) பாதுகாப்பில் பூட்டின்றிப் பெற்ற சுட்டி, அதே கணத்தில் நீக்கப்பட்டுக்கொண்டிருக்கும் சாதனத்தைக் காட்டக்கூடும் என்பதால், அதன் பயன்பாட்டு எண்ணிக்கை சுழியமாக இல்லாதபோது மட்டுமே அதைக் கூட்டிக்கொண்டு, நினைவகத்தை ஆர்சியு அவகாசம் (ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும் வரையிலான நேரம்) கழிந்த பிறகே விடுவிக்க வேண்டும்.

கேட்டவர்:
தேடல் சாதனத்தைத் திறக்கும்போது மட்டுமே நடக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் பூட்டின்றித் தேட வேண்டிய அவசியமில்லை; மியூடெக்ஸை இப்போதைக்கு விட்டுவைத்து, பட்டியலை மட்டும் மாற்றுங்கள்.