லென்ஸிலேயே ஓட்டலாமா, லேசர் செய்துகொள்ளலாமா?

வணக்கம். வயது 27, இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5. திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியைத் திணிப்பதே பெரும்பாடு, மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆறு மாதமாக மாதாந்திர லென்ஸ் போடுகிறேன். பார்வை அருமை. ஆனால் பழங்காநத்தம் தாண்டுவதற்குள் தூசியில் கண் உறுத்தித் தண்ணீர் கொட்டுகிறது. நைட் ஷிப்ட் முடிந்து கழற்றாமலே இரண்டு தடவை தூங்கியும்விட்டேன். கருவிழியில் தொற்று வர அதுவே போதும் என்று டாக்டர் நன்றாகத் திட்டினார். நியாயம்தான்.

லேசருக்குப் பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டுமாம். எனக்கு மூன்று வருடமாக அசையவில்லை. கருவிழித் தடிமனை இனிமேல்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே லென்ஸை நிறுத்தச் சொன்னார்கள். என் பயமெல்லாம் கண் வறட்சி பற்றித்தான். இப்போதே இருக்கிறது, லேசருக்குப் பிறகு சில மாதம் கூடலாமாம். அம்மா வேறு, "கண்ணுல போய் விளையாடாதப்பா" என்கிறார்.

வறட்சியோடு லேசர் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கருவிழியில் மெல்லிய மடல் வெட்டித் திறந்து செய்யும் லேசிக்கா, மடல் வெட்டாத பிஆர்கே, ஸ்மைல் மாதிரியா? எத்தனை நாளில் பைக் எடுத்தீர்கள்? மாத லென்ஸை விட்டுத் தினசரி லென்ஸுக்கு மாறியவர்களும் சொல்லுங்கள், உறுத்தல் குறைந்ததா?