பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு

கேள்வி: விண்டோஸ் 10. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த பிறகு, 16 ஜிபி பென் டிரைவில் ஷார்ட்கட் மட்டும்தான் தெரியுது. ஆனா 9 ஜிபி நிரம்பியிருக்குன்னு காட்டுது. ஃபார்மட் பண்ணிடலாமா?

பதில் 1: வேண்டாம் சார். 9 ஜிபி காட்டுதுன்னா ஃபைல் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கு, மறைஞ்சிருக்கு. ஷார்ட்கட்டைத் திறக்காதீங்க. ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், டார்கெட் பாருங்க. சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட்னு (கட்டளை, ஸ்கிரிப்ட் ஓட்டுற விண்டோஸ் புரோகிராம்கள்) இருந்தா வைரஸ்தான். ஏற்கெனவே திறந்திருந்தா கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்கலாம்.

பதில் 2: அதனால முதல்ல கம்ப்யூட்டர், அப்புறம்தான் பென் டிரைவ். மாத்திச் செய்தா செருகின உடனே திரும்ப ஒட்டிக்கும். பென் டிரைவைக் கழட்டிட்டு, டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் ஓடினா எண்ட் டாஸ்க் கொடுங்க. ஸ்டார்ட்அப் டேபில் சந்தேகமான ஸ்கிரிப்ட் இருந்தா டிசேபிள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் (விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ்) ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்க. ரீஸ்டார்ட் ஆகி சுமார் 15 நிமிஷம் ஓடும். விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தேடுறதால வைரஸ் குறுக்கே வர முடியாது.

பதில் 3: ஃபைலை மீட்க, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ டேபில் ஹிடன் ஃபைல்ஸைக் காட்டச் சொல்லுங்க. கீழே 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுக்கணும். இதை விட்டுட்டுத்தான் பலர் எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்கறாங்க. பெரும்பாலும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும். அதை அப்படியே காப்பி பண்ணாதீங்க, மறைப்பும் கூடவே வந்துடலாம். உள்ளே போய் உங்க டாக்குமெண்ட், போட்டோ மட்டும் எடுங்க. விபிஎஸ் (.vbs-னு முடியுற ஸ்கிரிப்ட்) ஃபைலைத் தொடாதீங்க. எல்லாம் திறக்குதான்னு பார்த்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் பண்ணுங்க, டிக்கைத் திரும்பப் போட்டுடுங்க.