கண்காணிப்பு வழங்கியில் தொலைக் கணினிகளைச் சேர்த்தல்: ‘ஓம்புனர்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிகளின் நிலையைக் கவனித்துச் சொல்லும் ஸாபிக்ஸ் மென்பொருளின் வழிமுறையைத் தமிழில் எழுதும்போது, அதன் கண்காணிப்பு வழங்கியில் (செர்வரில்) தொலைக் கணினிகளைச் சேர்க்கும் பகுதியில், ‘ஹோஸ்ட்’ என்பதற்கு ‘ஓம்புனர்’ என்றே எழுதலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓம்புபவர் என்றால் பேணுபவர். இந்த அமைப்பிலோ பேணும் வேலை வழங்கியினுடையது. ஹோஸ்ட் என்று குறிக்கப்படுவது பேணப்படும் தரப்பு. சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், வழிமுறையைப் படிப்பவர் ஒவ்வொரு படியையும் எந்தக் கணினியில் செய்ய வேண்டும் என்பதில் தடுமாறக் கூடாது என்பதே என் அளவுகோல். ஏனெனில் சேர்த்தல் என்பது இரண்டு இடங்களில் நடக்கும் வேலை. தொலைக் கணினியில் அதன் நிலையை அளந்து வழங்கிக்குச் சொல்லும் முகவர் நிரலை (ஏஜெண்ட்) நிறுவி, அதன் அமைவுக்கோப்பில் ‘செர்வர்’ என்று தொடங்கும் வரியில் வழங்கியின் முகவரியை எழுத வேண்டும். அங்கே இயல்பாக இருக்கும், அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்பதை மாற்றாமல் விட்டால், வழங்கி கேட்கும் எதற்கும் முகவர் விடையளிக்காது. அதன் பிறகே வழங்கியின் வலை இடைமுகத்தில் அந்தக் கணினிக்கு ஒரு பதிவை உருவாக்குகிறோம்.

‘கண்காணிப்புக் கணினி’ இந்த அளவுகோலில் தேறவில்லை; கண்காணிக்கும் கணினியா, கண்காணிக்கப்படும் கணினியா என்பது அதில் தெளிவாகவில்லை. வினைத்தொகையாகச் சுருக்கி ‘கண்காணிகணினி’ என்றாலும் சிக்கல் தீராது. ஊறுகாயில் காய் தானே ஊறுகிறது, குடிநீரிலோ நீர் குடிக்கப்படுகிறது, வினைத்தொகை இரண்டுக்கும் இடம்கொடுக்கும். போதாக்குறைக்கு, ‘கண்காணி’ என்ற பெயர்ச்சொல் மேற்பார்வையாளரைக் குறித்து ஏற்கெனவே வழங்குகிறது.

இயந்திரம் என்ற பொருளில் ‘பொறி’ சுருக்கமானதுதான். ஆனால் வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில், கேட்காமலே 162ஆம் துறைக்குக் (போர்ட்) கருவிகள் அனுப்பும் ‘ட்ராப்’ செய்திக்கு எலிப்பொறியின் பொருளில் அச்சொல் தேவைப்படும். ‘பொறியிலிருந்து பொறி வந்தது’ என்று எழுத யாரும் விரும்பமாட்டோம்.

ஆகவே வலையமைப்பின் ஒரு முனையை (நோட்) குறிக்கும் ‘கணு’ என்பதை முன்வைக்கிறேன். திசைவி, நிலைமாற்றி, அச்சுப்பொறி என்று கணினி அல்லாதவற்றையும் அது தழுவிக்கொள்ளும். தொலைவில் இருப்பதைச் சுட்ட ‘தொலைக்கணு’ என்றும், வழங்கி தன்னையே கண்காணிக்கும்போது வெறும் ‘கணு’ என்றும் எழுதலாம். இதற்கு ஒரு தடை உண்டு. ஸாபிக்ஸ் 6.0 பதிப்பில் வந்த உயர்கிடைப்புக் கொத்தில், அதாவது ஒன்று நின்றால் மற்றொன்று பொறுப்பேற்கும் வழங்கிகளின் தொகுதியில், அந்த வழங்கிகள் ஒவ்வொன்றையுமே ‘நோட்’ என்கிறார்கள். அவற்றைக் ‘கொத்துறுப்பு’ என்று பிரித்துவிட்டால் மோதல் இராது.

‘ஆக்டிவ்’, ‘பாசிவ்’ என்ற சோதனை வகைகளுக்குச் ‘செயலுறு’, ‘செயலறு’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் அந்தப் பெயர்கள் முகவரின் பக்கமிருந்து பார்த்து வைத்தவை. வழங்கி 10050ஆம் துறையில் கணுவை நாடிக் கேட்பது ‘வினவு சோதனை’. கணுவே 10051ஆம் துறையில் வழங்கியை நாடி அளவீடுகளைத் தருவது ‘அறிவிப்புச் சோதனை’. தீயரணில் எந்தப் பக்கம் வழிவிட வேண்டும் என்பது இந்தப் பெயர்களிலேயே புலப்படும்.

அறிவிப்புச் சோதனையில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஐ.பி. முகவரி சரியாக இருந்தும் தரவு வராமல், முகவரின் பதிவேட்டில் ‘ஹோஸ்ட் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் தென்படும். அமைவுக்கோப்பில் உள்ள பெயரும் வழங்கியில் பதிந்த பெயரும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உட்பட, ஒன்றாக இல்லாததே பெரும்பாலும் காரணம். திரையில் அழகுக்காகக் கொடுக்கும் பெயரை மாற்றினால் இது சரியாகாது. எனவே ஒத்திருக்க வேண்டிய பெயரைக் ‘கணுப்பெயர்’ என்றும் திரைக்கான பெயரைக் ‘காட்சிப்பெயர்’ என்றும் தனித்தனியே வழங்குவது கட்டாயம் என்று கருதுகிறேன்.

சேர்க்கும் செயலுக்கு ‘இணைத்தல்’ வேண்டாம். கணினி வலையமைப்பில் முன்பே இணைந்துதான் இருக்கிறது. ‘கணுச்சேர்ப்பு’ போதும். வழங்கி முகவரி வரம்பை அலசிக் கணுக்களைத் தானே கண்டுபிடிப்பது ‘தேடிச்சேர்ப்பு’, முகவரே வழங்கியிடம் தன்னை அறிமுகப்படுத்திப் பதிந்துகொள்வது ‘தற்பதிவு’. ‘தேடிச்சேர்ப்பு’ சற்று நீளம்தான், ஆனால் ‘கண்டறிதல்’ என்று மட்டும் எழுதினால் பழுது கண்டறிதலோடு குழம்பும். இதைவிடக் குறுகிய சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.