25 ஆட்டங்கள், 3 வெற்றிகள்: சிகாகோ ஒயிட் சாக்ஸ் ரசிகர்களின் ஏப்ரல் அனுபவங்கள்

முப்பத்தைந்தாம் தெரு

நண்பர்களுக்கு வணக்கம். மின்னசோட்டாவில் ஆடிய நான்கு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி ஊர் திரும்புகிறது. 2024 சீசனில் இதுவரை ஆடியவை 25, வென்றவை 3. இந்த ஒரு மாதத்தில் மைதானத்திலோ, வானொலிக்கு முன்னாலோ உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். வேறு ஏதாவதொரு அணி இப்படித் தோற்றதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் அதையும் எழுதலாம். நானே தொடங்கிவைக்கிறேன்.

மார்ச் 28 அன்று நடந்த முதல் ஆட்டத்துக்கு என் ஆறு வயது மகளை அழைத்துச் சென்றிருந்தேன். அவளுக்கு பேஸ்பாலில் ஆர்வம் கிடையாது. நம் அணி பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்தால் ஸ்கோர் பலகையின் மேலிருக்கும் சக்கரங்கள் சுழன்று வாண வேடிக்கை கிளம்பும் என்று நான் சொல்லிவைத்திருந்ததை நம்பித்தான் அவள் வந்தாள். எனக்கோ பந்துக்குப் பந்து ஸ்கோர் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டே பார்க்கும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சிறிய வைர வடிவம். அவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் எடுத்தால் அந்த வைரத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும்.

அதற்கு முன் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டத்தில்கூட முதல் பந்துவீச்சாளராகத் தொடங்கியிராத 24 வயது கேரட் குரோஷே அன்று பந்து வீசினார். ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ், எட்டு ஸ்டிரைக் அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது), விட்டுக்கொடுத்தது ஒரே ஓட்டம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. 1-0 என்று ஆட்டம் முடிந்தபோது குளிரில் விறைத்த விரல்களோடு அட்டையைப் பார்த்தேன். டைகர்ஸ் பக்கத்தில் ஒரு வைரம் கறுத்திருந்தது. நம் பக்கத்தில் அத்தனையும் வெள்ளை. "எப்பப்பா வெடிக்கும்?" என்று ரயில் நிலையப் படிக்கட்டு வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த இரு ஆட்டங்களும் 7-6, 3-2 என்று ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில்தான் போயின என்பதால், இது வெறும் துரதிர்ஷ்டம், சீக்கிரம் சரியாகிவிடும் என்று அன்றைக்கு நம்பினேன்.

எண்ணிப் பார்ப்பவன்

துரதிர்ஷ்டம் என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2021இல் 93 ஆட்டங்களை வென்று பிரிவில் முதலிடம் பிடித்த அணி, 2022இல் 81 வெற்றி 81 தோல்வி என்று நடுவில் நின்று, 2023இல் 101 ஆட்டங்களைத் தோற்றது. அந்த ஆகஸ்டில் அணி நிர்வாகத்தை நடத்திய கென் வில்லியம்ஸ், ரிக் ஹான் இருவரையும் நீக்கிவிட்டு, அதே நிர்வாகத்துக்குள் இருந்த கிறிஸ் கெட்ஸை மேலே கொண்டுவந்தார்கள். சரிவு மூன்று ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரலில் அது நம் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என் அனுபவம் மார்ச் மாதத்தைச் சேர்ந்தது. அரிசோனாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, அணி பயிற்சி எடுக்கும் கேமல்பேக் ராஞ்சுக்கு ஒரு பகல் சென்றுவந்தேன். நம் பந்துவீச்சாளர் டிலன் சீஸ் பெயர் பொறித்த சட்டையை நிறைய யோசித்த பிறகு வாங்கினேன், ஏனென்றால் அதன் விலையில் ஒரு வாரத்து மளிகைச் சாமானை வாங்கிவிடலாம். மூன்றாம் நாள், மார்ச் 13 அன்று, அவரை சான் டியாகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். சீசன் தொடங்கக்கூட இல்லை. வீட்டில் அந்தச் சட்டையை இப்போது பெயிண்ட் அடிக்கும்போது போட்டுக்கொள்கிறேன். இதே விகிதத்தில் போனால் 162 ஆட்டங்களில் 19 வெற்றிதான் வரும் என்று கணக்கு சொல்கிறது. அவ்வளவு மோசமாகப் போகாது. ஆனாலும் 1962இல் நியூயார்க் மெட்ஸ் அடைந்த 120 தோல்விகளை இந்த ஆண்டு நினைக்காமல் இருக்க முடியாது.

சாம்பர்க் ரசிகை

எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றுமில்லை. அலுவலகம் விட்டு வீடு திரும்பும்போது காரில் வானொலி வர்ணனை கேட்பேன். எலோய் ஹிமெனெஸ், லூயிஸ் ராபர்ட், யோவான் மொன்காடா என்று அணி நம்பியிருந்த மூன்று மட்டையாளர்களும் சீசன் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் காயம் பட்டு வெளியேறினார்கள். மொன்காடா முதல் தளத்தை நோக்கி ஓடும்போது விழுந்தார் என்ற செய்தி வந்த நேரத்தில் நான் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தேன். இன்ஜினை அணைக்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸின் ரசிகர். முன்பெல்லாம் நம் அணி தோற்றால் கேலி செய்வார். இப்போது ஒன்றும் சொல்லாமல் காபி போட்டுத் தருகிறார். கேலியைத் தாங்கிக்கொள்ளலாம், இதைத்தான் தாங்க முடியவில்லை.

பழைய பால்டிமோர்க்காரர்

தம்பிமார்களே, 3 வெற்றி என்று வருந்துகிறீர்கள். நான் 21 ஆட்டங்களுக்கு ஒரு வெற்றிகூட இல்லாமல் இருந்திருக்கிறேன்.

1988இல் பால்டிமோரில் படித்துக்கொண்டிருந்தேன். பேஸ்பால் என்றால் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் கிரிக்கெட் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாத காலம் அது. ஓரியோல்ஸ் அணி முதல் ஆட்டத்தில் மில்வாக்கியிடம் 12-0 என்று தோற்றது. ஆறு தோல்விகளோடு மேலாளர் கால் ரிப்கன் சீனியரை நீக்கினார்கள். அவருடைய இரண்டு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பிராங்க் ராபின்சன் பொறுப்பேற்ற பிறகும் தோல்வி நிற்கவில்லை. உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், அணி வெல்லும்வரை ஒலிபரப்பை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, இடையிடையே தூங்கி விழுந்து, 11 நாட்கள் அங்கேயே கிடந்தார். எங்கள் விடுதியில் காலையில் முதலில் கேட்கும் குரல் அவருடையதாகத்தான் இருக்கும். நாளுக்கு நாள் அந்தக் குரல் கரகரத்துக்கொண்டே போனதைக் கேட்டுத்தான் நான் இந்த விளையாட்டுக்குள் வந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஏப்ரல் 29 அன்று 9-0 என்று முதல் வெற்றி கிடைத்தது. யாருக்கு எதிராக என்று கேளுங்கள்: உங்கள் ஒயிட் சாக்ஸுக்கு எதிராக, உங்கள் தெருவிலேயே, உங்கள் பழைய மைதானமான கொமிஸ்கி பார்க்கில். அடுத்த இரு ஆட்டங்களை மறுபடியும் தோற்று, 1 வெற்றி 23 தோல்வி என்ற நிலையில் அணி ஊர் திரும்பியது. மே 2 அன்று இரவு மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர். நானும் அறைத் தோழரும் மேல் அடுக்கில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தோற்ற அணிக்கு எதற்கு இவ்வளவு கூட்டம் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த முதியவர்தான் விளக்கினார்: நான்கு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸ் இரவோடு இரவாக லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊரை விட்டுப் போயிருந்தது. இருக்கும் ஒரே அணியும் போய்விடுமோ என்ற அச்சம் ஊரில் இருந்தது. அன்றைக்கு மைதானத்திலேயே புதிய ஸ்டேடியத்துக்கான நீண்ட காலக் குத்தகை அறிவிக்கப்பட்டபோது அந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டத்தையும் 9-4 என்று வென்றோம்.

அந்த ஆண்டு மொத்தம் 107 தோல்விகள். அடுத்த ஆண்டு அதே அணி 87 ஆட்டங்களை வென்றது. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பால்டிமோரில் அப்படி நடந்தது, நான் பார்த்தேன்.

கிழக்கு விரிகுடா

ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது. ஓக்லண்டில் அதே கதை மறுபக்கமாக நடந்திருக்கிறது. கடந்த ஆண்டு எங்கள் அத்லெடிக்ஸ் அணி 112 ஆட்டங்களைத் தோற்றது. மே 15 அன்று மைதானத்தில் அறிவிக்கப்பட்ட கூட்டம் 2,064 பேர். அதில் நானும் ஒருவன். இரண்டாம் தளத்தைக் காக்கும் ஆட்டக்காரர் பந்துவீச்சாளரிடம் பேசியது மூன்றாவது வரிசையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு தொழில்முறை ஆட்டத்தில் அப்படிக் கேட்கவே கூடாது.

ஜூன் 13 அன்று நிலைமை வேறு. ஆட்டத்தைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக மைதானத்தை நிரப்பிக்காட்டுவோம் என்று ரசிகர்களே திட்டமிட்டு, அணியை விற்றுவிடு என்று உரிமையாளருக்குச் சொல்லும் பச்சைச் சட்டைகளை வாசலில் இலவசமாகக் கொடுத்தார்கள். 27,759 பேர் வந்தோம். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ஏற்கெனவே பேசிவைத்தபடி மொத்தக் கூட்டமும் வாய்மூடி நின்றது. அத்தனை பேர் இருக்கும் இடத்தில் பந்து கையுறையில் விழும் ஓசை மட்டும் கேட்ட சில நொடிகளை என்னால் மறக்க முடியாது. பிறகு எழுந்த முழக்கத்தில் நாற்காலியே அதிர்ந்தது. அன்று தம்பா பே ரேஸை 2-1 என்று வென்றோம். அது தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. இந்த மாதம் 4ஆம் தேதி, அடுத்த ஆண்டிலிருந்து சாக்ரமெண்டோ பக்கத்தில் ஆடப்போவதாக அணி அறிவித்துவிட்டது. பால்டிமோரில் கூட்டம் வந்தது, அணி தங்கியது. எங்களிடமும் கூட்டம் வந்தது.

ஆகவே சிகாகோ நண்பர்களே, தோல்வி எண்ணிக்கையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆட்டம் முடிந்து அதே தெரு வழியாக நடந்து போக முடிகிறதல்லவா? அது உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

முப்பத்தைந்தாம் தெரு

இடையில் மூன்று நாட்களாக எழுத முடியவில்லை. காரணத்தை நீங்களே அறிவீர்கள். ஓக்லண்ட் நண்பர் குறிப்பிட்ட அதே ரேஸ் அணி இங்கே வந்து மூன்று ஆட்டங்களையும் நம்மிடம் தோற்றுப் போயிருக்கிறது. 25 ஆட்டங்களில் 3 வெற்றி பெற்ற அணி அடுத்த மூன்றில் 3 வெற்றி பெற்றது. எண்ணிப் பார்ப்பவர் இதற்கும் ஒரு விகிதம் போடுவார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு மகளை மறுபடியும் அழைத்துச் சென்றேன். வெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்ட எலோட்டே சோளத்தைக் கோப்பையில் வாங்கிக்கொடுத்திருந்தேன். ஆண்ட்ரூ பெனின்டெண்டி, இந்த ஏப்ரலில் மட்டையைத் தூக்கவே சிரமப்பட்டவர், ஹோம் ரன் அடித்தார். சக்கரங்கள் சுழன்றன, வாணங்கள் கிளம்பின, அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டாள். வைரத்தை நான் நிதானமாக, மூலைகள் விடுபடாமல் நிரப்பினேன்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ஆட்டம் சமநிலையில் நின்றது. அவள் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்ததால், மேலும் தோற்பதைப் பார்க்க வேண்டாம் என்ற எண்ணமும் உள்ளே இருந்ததால், அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டேன். விரைவுச் சாலையின் நடுவிலிருக்கும் நடைமேடையில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் மீண்டும் வெடித்தது. பத்தாவது இன்னிங்ஸில் அதே பெனின்டெண்டி, இரண்டு ஓட்டங்கள், 8-7. நடைமேடையில் என்னைப் போலவே அவசரப்பட்டு வெளியே வந்திருந்த இன்னொருவர் என்னைப் பார்த்தார். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அட்டையில் பத்தாவது இன்னிங்ஸ் காலியாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்து நிரப்பியிருக்கலாம்தான். பார்க்காததைக் குறிக்கக் கை வரவில்லை.